சத்தமில்லாமல் அணைகிற பெட்டி

நான் பயந்த சுபாவம் உள்ளவள். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வாசல்வரை போய், திரும்பி வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பூட்டுவேன். அப்படிப்பட்டவளின் வீட்டுக்குள் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. உள்ளே மூன்று விசிறிகள் சிவப்பும் நீலமுமாக மாறி மாறி மின்னும். திருவிழா சீரியல் பல்பை எடுத்து டிரங்குப் பெட்டிக்குள் போட்டு மூடிவைத்த மாதிரி இருக்கும். மாடியில் இருக்கும் வீட்டுச் சொந்தக்கார அம்மா இறங்கி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாம்மா இது, உங்க வூட்டுக்காரரு வேலைய வுட்டுட்டு கேம் ஆடப் போறாரா?"

கேம் ஆடுவதற்கு இல்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஒன்பது வருடம் பேட்டர்ன் பிரிவில் இருந்தவள் நான். ஒரு ஷூவின் மேல்பாகம் எத்தனை தோல் துண்டுகளாக இருக்கவேண்டும், ஒவ்வொன்றும் எந்த வடிவம், எங்கே மடிப்பு, எங்கே தையல் என்று காகிதத்திலும் கம்ப்யூட்டரிலும் வெட்டித் தருவது என் வேலை. முன்பெல்லாம் வெளிநாட்டுக்காரர்களுக்கு நிஜ ஷூவையே செய்து அனுப்புவோம். இப்போது அவர்கள் முதலில் படம் கேட்கிறார்கள். சுற்றிச் சுற்றிப் பார்க்கிற மாதிரி, தோலின் சுருக்கம்கூடத் தெரிகிற மாதிரி த்ரீ டி படம். அந்தப் படத்தைச் செய்து முடிக்கச் சாதாரணக் கம்ப்யூட்டரால் ஆகாது. அதற்கு வேண்டிய கிராபிக்ஸ் கார்டு கேமிங் பெட்டியில்தான் இருக்கிறது என்றார் வேலூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பாய். அவரே பாகங்களைப் பொறுக்கிச் சேர்த்துக் கட்டித் தந்தார்.

நான் கம்பெனி வேலையை விட்டதற்குக் காரணம் என் கணவர். அவர் தோல் பதனிடும் டேனரியில், தோலை ஊறவைத்துச் சுழற்றும் டிரம் பக்கம் வேலை பார்த்தவர். போன வருடம் ஒருநாள் கழிவுத் தொட்டியில் பம்பு அடைத்துக்கொண்டது. அதைச் சரிசெய்யும் ஆள் வரவில்லை, இவரிடம் "ஒரே நிமிஷம், எறங்கி பாத்துட்டு வா" என்றார்கள். இவர் ஏணியில் நாலு படி இறங்கினார். மேலே கயிறு பிடித்துக்கொண்டிருந்தவர் பிறகு எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து, டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"அவரு கத்தவே இல்ல அக்கா. தூக்கம் வந்த மாதிரி சும்மா அப்டியே உக்காந்தாரு. நான்கூட களைப்புல உக்கார்றாருன்னு நெனச்சேன்."

தொட்டிக்குள் விஷக் காற்று. இடுப்பில் கயிறு இருந்ததால் மேலே இழுத்துவிட்டார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஊரே சொன்னது. அந்தப் பதினோரு நாளும் நான் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். அவர் தூங்கும்போது மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்துப் பார்ப்பேன். சூடாகக் காற்று பட்டால் எடுத்துவிடுவேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைப்பேன். நர்ஸ் அம்மா திட்டினார்கள். வீட்டுக்கு வந்தபிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அவரைத் தனியே விட மனசில்லாமல் கம்பெனி வேலையை விட்டேன்.

உடம்பு தேறியதும் டேனரி சூப்பர்வைசர் போன் செய்ய ஆரம்பித்தார். டிரம் பக்கம் மட்டும்தான், தொட்டிப் பக்கமே வரவேண்டாம் என்றார். முன்பும் இவருக்கு டிரம் பக்கம் மட்டும்தான் வேலை. அந்த நேரத்தில்தான் எங்கள் பழைய கம்பெனியின் சாம்பிள் பிரிவு மேடம் என்னைக் கூப்பிட்டார். எட்டு ஷூக்களுக்கு த்ரீ டி படம், இரண்டு வாரம், சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வந்து சேரவேண்டும். நன்றாக இருந்தால் தொடர்ந்து வீட்டிலிருந்தே செய்யலாம். இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும். அவருடைய பேச்சு எப்போதும் அளவெடுத்த மாதிரி இருக்கும்.

எனக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. எட்டு ஷூவும் போய்ச் சேர்ந்தால் அவர் வீட்டில் இருப்பார். சேராவிட்டால் அதற்கடுத்த திங்கட்கிழமை டேனரிக்குப் போவார்.

மூன்றாம் நாள் முதல் ஷூவைச் செய்துகொண்டிருக்கும்போது திரை நீலமாகி, அதில் ஒரு சோக முகம் வந்தது. ஏதோ கோளாறு, தானே திரும்ப ஆரம்பித்துக்கொள்கிறேன் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அன்றைக்கே அப்படி நாலு தடவை. போனில் படம் பிடித்துப் பாய்க்கு அனுப்பினேன்.

"டென்ஷன் ஆவாதீங்க சிஸ்டர். ரேம் லூசா இருக்கும். பஸ்லதான எடுத்துட்டுப் போனீங்க? குலுக்கல்ல கழண்டிருக்கும். கொண்டாங்க."

பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வேலூருக்குப் பஸ் ஏறினேன். கண்டக்டர் "இன்னாக்கா, கோயில் உண்டியலா?" என்றார். பாய் பக்கக் கண்ணாடியைக் கழற்றி, ரேம் என்கிற அந்த நீளத் துண்டுகள் இரண்டையும் வெளியே எடுத்தார். பள்ளிக்கூடத்துப் பென்சில் ரப்பரால் அதன் பித்தளை நிறப் பற்களைத் தேய்த்தார். திரும்பச் செருகி இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்த, டக் டக் என்று இரண்டு சத்தம் வந்தது.

"இந்த சத்தம் வந்தாதான் ஒக்காந்துதுன்னு அர்த்தம். உங்க ஊரு டேனரி காத்தும் ஒரு தினுசு. வெள்ளி கறுக்குதுல்ல? அந்தக் காத்துதான் இதையும் தின்னும். ஆனா அதுக்கு நாளாவும். இப்ப பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்று சொன்னால் எனக்கு இரண்டு பங்காகப் பயம் வரும். வீடு வந்து சேர்ந்ததும் கால் விரலைத்தான் பார்த்தேன். மெட்டி கறுத்துத்தான் கிடந்தது. புளி போட்டுத் தேய்த்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

நீலத் திரை அதன்பிறகு வரவில்லை. ஆனால் குலுக்கல் என்ற சொல் என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எங்கள் தெருவில் தோல் ஏற்றிய லாரிகள் போகும்போது இரும்புக் கட்டில் ரீங்காரம் போடும். தரையும் மேடு பள்ளம். பெட்டி நாலு சின்னக் கால்களில் நின்றுகொண்டு, தொட்டால் ஆடியது. இப்படியே ஆடினால் ரேம் மறுபடி கழன்றுவிடும். எனவே ஆம்பூர்க்காரி யாராக இருந்தாலும் செய்வதை நானும் செய்தேன். அடியில் தோல் வைத்தேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். எங்கள் ஊர் வீடுகளில் எதுவும் வெறும் தரையில் நிற்காது. பிரிட்ஜ் காலுக்குத் தோல், கிரைண்டருக்குத் தோல், கேஸ் சிலிண்டருக்கு வட்டத் தோல். கதவு இடித்தால் தோல், ஜன்னல் காற்றில் அடித்தால் தோல். வீட்டில் ஒருவர் டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ இருந்தால் வெட்டுத் துண்டுக்குப் பஞ்சமே இல்லை.

அவர் கடைசியாகக் கொண்டுவந்த கனமான எருமைத் தோல் துண்டு ஒன்று பரணில் இருந்தது. முதலில் காகிதத்தில் அளவு வெட்டினேன். நாலு காலுக்கும் நாலு குழி. கால்களுக்கு நடுவே இருந்த உயரம் நிறையும்படி மூன்று துண்டு வெட்டி, ஷூவுக்குப் போடும் சொல்யூஷன் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினேன். ஒரு ராத்திரி முழுக்க அம்மிக்கல்லை அதன் மேல் ஏற்றிவைத்தேன். காலையில் ஓரத்தைச் சீவி, பெட்டிக்கு அடியில் தள்ளியபோது அது வழுக்கிக்கொண்டு போய்ப் பொருந்தியது. ஒரு காகிதம் நுழைய இடமில்லை. பெட்டியைத் தட்டினேன். அசையவில்லை.

"ஃபிட்டிங்னா இதுதான்" என்றார் அவர். ரொம்ப நாள் கழித்து அவர் என்னைப் பாராட்டியது அது. பூரித்துப்போனேன்.

அன்று மதியம் இரண்டாவது ஷூவை ரெண்டருக்குப் போட்டேன். நாம் வரைந்து முடித்ததைக் கம்ப்யூட்டர் தானாகக் கணித்து முழுப் படமாக்கும் வேலைக்கு ரெண்டர் என்று பெயர். ஒரு ஷூவுக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். நாம் சும்மா உட்கார்ந்து பார்க்கவேண்டியதுதான். இருபது நிமிடம் போயிருக்கும். திரை கறுத்தது. விசிறிகள் நின்றன. சிவப்பும் நீலமும் போய்விட்டன.

எந்தச் சத்தமும் இல்லை. நீலத் திரையாவது அழுத முகத்தைக் காட்டி ஏதோ புலம்பியது. இது ஒன்றும் சொல்லவில்லை. வேலை செய்துகொண்டிருந்தது, அப்படியே நின்றுவிட்டது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, கரண்ட் போகவில்லை. பெட்டியின் பொத்தானை அழுத்தினேன், அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன். உயிர் இல்லை. அவர் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அவரைத்தான் முதலில் பார்த்தேன். கம்ப்யூட்டர் நின்றதற்கு அவரை ஏன் போய்ப் பார்த்தேன் என்று அப்போது எனக்கே புரியவில்லை.

கால் மணி நேரம் கழித்துப் பொத்தானை அழுத்தினேன். ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்தது. உள்ளே பதிவுகளைத் தேடிப் பார்த்தேன். எதிர்பாராத விதமாக அணைந்துவிட்டது என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அது எனக்கே தெரியுமே!

அன்றிலிருந்து ஒவ்வொரு ரெண்டரும் எனக்கு ஒரு கண்டம். சில சமயம் பதினைந்து நிமிடத்தில் நின்றது, சில சமயம் நாற்பதில். பாதிப் படத்தைச் சேமித்து, அணைந்து, ஆறவிட்டு, மறுபடி தொடங்கி, இரண்டாவது ஷூவை முடிக்க இரண்டு நாள் ஆனது. திரையை நேராகப் பார்க்கப் பயந்து ஓரக்கண்ணால் பார்ப்பேன். மூச்சை அடக்கிக்கொள்வேன். நான் மூச்சு விட்டால் அது நின்றுவிடும் என்று ஒரு எண்ணம்.

மறுபடி போர்வை, மறுபடி பஸ். பாய் தன் மேஜைமேல் பெட்டியை வைத்து, கார் பந்தய விளையாட்டு ஒன்றைப் போட்டு விட்டார். அது ரெண்டரைவிடக் கடுமையான சோதனை என்றார். மூன்று மணி நேரம் அந்தக் கார் ஓடியது. மலை ஏறியது, பாலத்தில் போனது, நாலு தடவை கவிழ்ந்தது. பெட்டி மட்டும் அணையவே இல்லை. கடையின் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து அணைந்துவிடு, அணைந்துவிடு என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். அங்கே அணைந்திருந்தால் அது அவர் தலைவலி. அணையாததால் என் தலைவலி ஆனது.

"ஒண்ணுமே இல்ல சிஸ்டர். பாருங்க, குதிர மாதிரி ஓடுது. உங்க வூட்டு கரண்ட்டுதான் பேஜார். வோல்டேஜ் ஜாஸ்தி கம்மி ஆவும், எர்த்திங் இருக்காது. அத பாருங்க."

வீட்டுக்கு வந்து அதன் இடத்தில், அதன் தோல்மேல் வைத்தேன். முப்பத்திரண்டாவது நிமிடம் அணைந்தது.

பாய் சொன்னபடி எர்த்திங் குழி தோண்ட முடிவானது. சொந்தக்கார அம்மாவிடம் கேட்டு, பின்கட்டில் ஓர் ஆள் இடுப்பளவுக்குக் குழி, அதில் உப்பும் கரியும் போட்டுக் கம்பியை இறக்கவேண்டும். தோலைப் பதப்படுத்த உப்பு மூட்டை மூட்டையாக வரும் ஊர், அதற்கு அலையவேண்டியதில்லை. அவர் கடப்பாரையை எடுத்தார். முழங்காலளவு தோண்டினார். பிறகு குழிக்குள் காலை வைத்து இறங்கவேண்டிய கட்டம் வந்தது. நின்றார். கடப்பாரையை என்னிடம் நீட்டினார்.

"நீ தோண்டு" என்றார்.

புடவையைச் செருகிக்கொண்டு மிச்சத்தை நான் தோண்டினேன். அவர் கதவோரம் போய் நின்றுகொண்டார். முழங்காலளவுக் குழிக்குள் காலை வைக்க முடியாத மனிதரைத்தான் அந்த சூப்பர்வைசர் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதை நினைக்க நினைக்க எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கோபத்தில் குழி தேவைக்கு மேல் ஆழமாகிவிட்டது.

லைன்மேன் வந்து சோதித்துவிட்டு, இந்தத் தெருவிலேயே உங்கள் வீட்டு எர்த்திங்தான் உருப்படி என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டி அன்றும் அணைந்தது.

சொந்தக்கார அம்மா இறங்கி வந்தார். "நஸர் பட்டுடுச்சிம்மா. இவ்ளோ லைட்டு வெச்சி மின்னினா கண்ணு படாம இன்னா ஆவும்? எங்க முஸ்லிம் ஆளுங்க நஸர்ம்பாங்கோ, உங்காளுங்க திருஷ்டிம்பாங்கோ" என்றார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நான் எலுமிச்சம்பழத்தையும் பச்சைமிளகாயையும் நூலில் கோத்துப் பெட்டியின் பின்பக்கம் கட்டினேன். ஒன்பது வருடம் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவள் செய்த காரியம் இது. பின்பக்கம் கட்டிய அந்த எலுமிச்சம்பழம் மறுநாளே ஒரு பக்கம் வாடிச் சுருங்கியிருந்தது. அதைப் பார்த்தாவது நான் யோசித்திருக்க வேண்டும். கண் திருஷ்டி அவ்வளவு பொல்லாதது என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. ஐந்து ஷூ முடிந்திருந்தது, மூன்று பாக்கி. நான் விடிந்ததிலிருந்து பெட்டிமுன் உட்கார்ந்திருந்தேன். பத்து மணி வாக்கில் பின்கட்டில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவர் தன் பழைய கம்பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். டேனரியில் போடும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ். உள்ளே கையை விட்டுத் தேய்த்துக் கழுவி, சுவரில் தலைகீழாகச் சாய்த்து வெயிலில் வைத்தார்.

"எதுக்கு இது?"

"திங்கக்கெழம வர்றேன்னு சொல்லிட்டேன்."

"யாரக் கேட்டு சொன்னீங்க?"

"யாரக் கேக்கணும்? அந்தப் பொட்டி நின்னு நின்னு போவுது. நீயும் அதோட சேந்து சாவற. எனக்கு கண்ணு தெரியாதா?"

"இன்னும் ஒன்ற நாள் இருக்குது."

"இருக்கட்டும். பூட்ஸ் காய்றதுக்கும் ஒன்ற நாள் ஆவும்."

அன்று நான் கத்தின கத்தல் தெருவுக்கே கேட்டிருக்கும். உங்களைப் பிணமாகக் கொண்டுவந்து போட்டால் நான் என்ன செய்வேன் என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அந்தக் கேள்வியை ஒரு வருடமாக விழுங்கி விழுங்கி வைத்திருந்தேன். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆறாவது ஷூவை ரெண்டருக்குப் போட்டேன். அவர் அறைக்குள் வந்து பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தொட்டிச் சம்பவத்துக்குப் பிறகு அவர் எங்கே உட்கார்ந்தாலும் கதவுக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். அன்று முதல்முறையாக உள்ளே தள்ளி உட்கார்ந்தார்.

இருபத்தைந்தாவது நிமிடம் அது அணைந்தது.

நான் அழக்கூட இல்லை. திரையில் என் முகம் தெரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பெட்டியின் தலையில் கையை வைத்தார். பிறகு கண்ணாடியில் வைத்தார். பிறகு பின்னால் கையைக் கொண்டுபோய், கீழே, வயர் செருகும் இடத்தில் வைத்தவர், வெடுக்கென்று எடுத்தார்.

"இந்தாமே, மேல ஜில்லுனு இருக்குது. கீழ கொதிக்குது."

"அது எஸ்.எம்.பி.எஸ். கரண்ட்ட வாங்கி மத்ததுக்கெல்லாம் பிரிச்சிக் குடுக்கும். கொஞ்சம் சூடாவும்" என்றேன்.

"அதுக்குள்ள ஃபேன் இருக்குதா?"

"இருக்குது."

அவர் குனிந்து பெட்டியின் அடியைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அதுக்குக் காத்து எங்கேர்ந்து உள்ள போவுது?"

முன்பக்கம் மூன்று விசிறி இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். அது பெட்டிக்கு. கீழே இருக்கிற எஸ்.எம்.பி.எஸ். என்ற இரும்புப் பெட்டி தனி. அதன் விசிறி அதற்குள்ளேயே, தரையைப் பார்த்துப் படுத்திருக்கிறது. பாய் கடையில் கவிழ்த்துப் பார்த்தபோது அடியில் சதுரமாக ஒரு வலை இருந்ததைப் பார்த்த ஞாபகம் வந்தது.

இரண்டு பேருமாகப் பெட்டியைச் சாய்த்தோம். தோல் கீழே விழவில்லை. பெட்டியின் அடியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் பிடித்து இழுக்க, சொல்யூஷன் இளகிய வாடையோடு பிரிந்தது. எருமைத் தோலின் மேல் அந்த வலையின் கட்டங்கள் ஒன்றுவிடாமல் பதிந்திருந்தன. தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரர் நெற்றி மாதிரிச் சுட்டது. மூச்சு போகிற வழியை அளவெடுத்து, காகிதத்தில் வெட்டிப் பார்த்து, மூன்று அடுக்கு ஒட்டி, அம்மிக்கல் ஏற்றி நான் அடைத்திருக்கிறேன். ஒன்பது வருடத்தில் நான் வெட்டியதிலேயே கச்சிதமான துண்டு அதுதான்.

இரண்டாம் தடவை பஸ்ஸில் வேலூருக்குத் தூக்கிப் போனபோது தோலை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் போனேன். அதனால்தான் பாயின் மேஜையில் அது குதிரை மாதிரி ஓடியது. காற்று, கரண்ட், கண் என்று ஊர்மேலெல்லாம் பழி போட்டேன். என் கைமேல் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பாய்க்குப் போன் செய்து சொன்னேன்.

"நான் உங்க வூட்டுக்கே வந்து பாத்திருந்தாலும் கண்டுபுடிச்சிருக்க மாட்டேன் சிஸ்டர். அடியில லெதர் இருந்தா அது நம்ம கண்ணுக்கே தெரியாது. எங்க வூட்லயும் மிக்ஸிக்கு அடியில லெதர்தான்" என்றார்.

"நீங்க எப்டிங்க கண்டுபுடிச்சீங்க?" என்று என் கணவரைக் கேட்டேன்.

அவர் அந்தத் தோலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டியில் நடந்ததைப் பற்றி அவர் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அது சத்தம் போடாம நின்னுச்சி பாரு. கரண்ட்டு பிரச்சனன்னா டப்புனு எதுனா கேக்கும், பொகையும். மூச்சு இல்லன்னாதான் இப்டி. அன்னிக்குத் தொட்டில மொதல்ல அழுகின முட்ட நாத்தம் வந்துச்சி. அப்புறம் நாத்தம் நின்னுடுச்சி. மூக்கு மரத்துப்போச்சின்னு தெரியாம, காத்து நல்லாயிடுச்சின்னு நெனச்சேன். கத்தணும்னே தோணல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சொல்யூஷன் பிசுபிசுப்பில் இரண்டு பேர் விரலும் ஒட்டிக்கொண்டன.

பெட்டியை இரண்டு மரக்கட்டைகள்மேல் தூக்கிவைத்து ஆறாவது ஷூவை மறுபடி போட்டேன். அவர் பின்னால் உட்கார்ந்து, காற்று வருகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "வருது" என்றார். பத்து நிமிடம் கழித்து மறுபடி "வருது" என்றார். இருபத்தைந்தாவது நிமிடம் எனக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்ள வேண்டியிருந்தது. விசிறிச் சத்தம் நிற்கவில்லை. நாற்பது, ஐம்பது, ஒரு மணி நேரம். ஒன்றரை மணி நேரம் முடிந்து, பழுப்புத் தோலில் சுருக்கம் சுருக்கமாக ஒரு ஷூ திரையில் முழுசாக வந்து நின்றது.

சனிக்கிழமை நாலு மணிக்கு எட்டாவது ஷூவையும் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் பயம் ஆளை அடித்தது. படத்தில் ஏதாவது தப்பு இருந்தால்? மேடத்துக்குப் பிடிக்காவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்வரை போனை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஆறு மணிக்குச் செய்தி வந்தது. "எட்டும் ஓகே. நாளைக்கு அடுத்த செட் அனுப்பறேன்." அதே அளவெடுத்த பேச்சு. அவரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். எழுந்துபோய்ச் சூப்பர்வைசருக்குப் போன் செய்து, "வர்லபா" என்றார். அந்தப் பக்கம் என்னென்னவோ பேசினார்கள். "இல்லபா, வர்ல" என்று வைத்துவிட்டார்.

அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. திங்கட்கிழமை விடிந்து டேனரிச் சங்கு ஊதியபோது தூக்கிவாரிப் போட்டு எழுந்தேன். முதலில் பின்கட்டைத்தான் பார்த்தேன். பூட்ஸ் சுவரில் சாய்ந்தபடியே இருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். அசைவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்தேன். சூடாகப் பட்டது.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"ஓடுதா?" என்றார்.

"ஓடுதுங்க" என்றேன். கையை எடுக்கவில்லை.